கசியாத மூடி

திங்கட்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, திருச்சி ஆவணப் பரிசோதனைக் கூடத்தில், வசுமதியின் மேசைக்குப் பன்னிரண்டு விடைத்தாள்கள் வந்து சேர்ந்தன. கூடவே தேர்வு வாரியத்தின் இணை இயக்குநர் மணிமொழியனும் வந்து சேர்ந்தார். வழக்கமாகத் தாள்தான் வரும், ஆள் வரமாட்டார். ஆளே வந்துவிட்டார் என்றால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

"மேடம், பன்னெண்டும் பிளஸ் டூ பிள்ளைங்க பேப்பர். மணப்பாறை, கரூர், அறந்தாங்கி, பெரம்பலூர், கும்பகோணம்னு ஆளுக்கொரு ஊரு. ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்லன்னு சத்தியம் பண்றாங்க. ஆனா எல்லாத்தையும் எழுதினது ஒரே கைன்னு மெஷின் சொல்லுது. தொண்ணூத்தொம்பது சதவீதம்!"

"ஒரே காலையில பன்னெண்டு ஊர்ல ஒரே ஆள் எப்படி சார் எழுத முடியும்?"

"அங்கதான் விஷயமே இருக்கு. தாளை வெளியில அனுப்பி, யாரையோ வச்சு எழுதி, உள்ள மாத்தி வச்சிருக்கணும். பெரிய கூட்டம் மேடம் இது. எழுதின அந்த ஒத்த ஆளை மட்டும் பிடிச்சுக் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன். வெள்ளிக்கிழமை விசாரணை. உறுதியாச்சுன்னா பன்னெண்டு பேரும் மூணு வருஷத்துக்குப் பரீட்சை எழுத முடியாது."

எழுத்தை வைத்து ஆளைச் சொல்வதில் அந்தக் கூடத்தில் வசுமதியை மிஞ்ச ஆள் கிடையாது. இருபத்திரண்டு வருட வேலையில் உயில், மிரட்டல் கடிதம், மேலதிகாரிகளைப் பற்றிய மொட்டைக் கடுதாசி என்று அவள் பார்க்காத கை இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் தாளை எடுத்தாள். வேதியியல். மூன்றாவது வரியை இரண்டு தரம் படித்தாள். அடுத்த தாளை எடுத்தாள், அதற்கடுத்ததையும் எடுத்தாள். எல்லாவற்றிலும் 'ழ'வின் வால் இடது பக்கம் போய், யோசித்து, மறுபடி மேலே ஏறியது. 'ற'வின் கடைசிக் கால் வரிக்குக் கீழே ஒரு எட்டு வைத்திருந்தது. இந்த எழுத்தை உலகத்தில் யாரை விடவும் அவளுக்கு நன்றாகத் தெரியும். அது அவளுடைய எழுத்து.

"என்ன மேடம், ஆள் தெரிஞ்சிருச்சா?"

"தெரிஞ்ச மாதிரிதான் இருக்கு சார். வெள்ளிக்கிழமை சொல்லிடறேன்" என்றாள் வசுமதி.

இந்த இடத்தில் தொட்டிப்பூதத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் விளங்காது. தொட்டிப்பூதம் என்பது ஒரு கார்ட்டூன் தொடர். அடுக்குமாடி வீட்டின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு பூதம் குடியிருக்கிறது. அதற்குத் தண்ணீர் என்றாலே பயம். கீழே யாராவது மோட்டார் போட்டால் போதும், தொட்டி மூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு "நிறுத்துங்கடா!" என்று அலறியபடி ஓடும். அவ்வளவுதான் கதை. இதை ஒன்பது வருடமாகப் பிள்ளைகளும், பிள்ளைகளைச் சாக்காக வைத்துப் பெரியவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரசிகர்கள் பூதத்தை வரைந்து தள்ளினார்கள். ஆனால் கேட்ட மாத்திரத்தில் இயந்திரம் ஆயிரம் பூதம் போட்டுத் தரும் காலமல்லவா இது? வெறும் படத்தைக் காட்டினால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரசிகர்கள் கேட்டது படத்தை அல்ல, படத்தைப் போட்ட கையை. அதற்குத்தான் தடப்பேனா வந்தது. எங்கே அழுத்தினீர்கள், எங்கே தயங்கினீர்கள், எங்கே வேகம் எடுத்தீர்கள் என்று அத்தனையையும் அந்தப் பேனா ஒரு தடமாகப் பதிந்து வைத்துக்கொள்ளும். இன்னொருவர் தன் ஊரில் மெல்லிய கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு அந்தத் தடத்தைப் போட்டால், உங்கள் கை அவர் கைக்குள் வந்து உட்கார்ந்து வரையும். பூதத்தின் தொப்பை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலே கற்றுக்கொள்ளும்.

'மொட்டைமாடிக் கூட்டம்' என்ற ரசிகர் குழுவில் நாலாயிரம் பேர் இருந்தார்கள். ஞாயிறு மாலை நாலு மணிக்குத் தடங்களைப் போடுவார்கள், சிரிப்பார்கள், ஒருவரையொருவர் ஓட்டுவார்கள். குழுவுக்கு ஒரே ஒரு விதி. வரையும்போது நேர்ந்த பிழையையும் அழித்ததையும் வெட்டாமல் பகிர வேண்டும். அந்தப் பிழைகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கசிவு'. "இன்னிக்கு எனக்கு ஒம்பது கசிவு!" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற கூட்டம் அது. கசிவை வெட்டியவருக்குக் குழுவில் இடம் கிடையாது.

அந்தக் குழுவில் வசுமதியின் பெயர் மூடி. முகம் யாருக்கும் தெரியாது. அவளுடைய பூதம்தான் எல்லோருக்கும் உயிர். படத்துக்குக் கீழே பூதம் புலம்புவதுபோல நாலைந்து வரி கையால் எழுதுவாள், அதைப் படித்துச் சிரிக்காதவர் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், அவள் தடத்தில் ஒரு கசிவுகூட இருக்காது. 'கசியாத மூடி' என்று பட்டமே கொடுத்திருந்தார்கள். ஞாயிறு மதியம் "ரிப்போர்ட் எழுதணும்" என்று வீட்டில் சொல்லிவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நாற்பத்தேழு வயதில் அவள் அனுபவித்த சந்தோஷம் வேறு எதிலும் கிடைத்ததில்லை.

உண்மை என்னவென்றால், அவளுக்கும் கசியும். கண்டபடி கசியும். தொப்பையை ஐந்து தரம் அழித்து ஆறாவது தரம்தான் பிடிப்பாள். ஆனால் அடுத்தவர் தடுமாற்றத்தைப் படித்துச் சம்பளம் வாங்குகிற அவளுக்கு, தன் தடுமாற்றத்தை நாலாயிரம் பேர் கையில் கொடுக்க மனம் வரவில்லை. ஒட்டுத் தெரியாமல் வெட்டி ஒட்டுவது அவளுக்கா தெரியாது? ஆறு வருடமாக வெட்டிக்கொண்டிருந்தாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, எழுத்து மாதிரி எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு மணப்பாறைக்குப் போனாள். பன்னிரண்டு பேரில் நஸ்ரின் என்ற பெண்ணின் வீடு அங்கே இருந்தது. வீட்டு முன்னறையில் ஸ்கூட்டர் பேட்டரிகளுக்கு நடுவில் நாற்காலி போட்டார் நஸ்ரினின் அத்தா.

"மேடம், நாலு நாளா பிள்ளை சாப்பிடல. ராத்திரியும் பகலுமா படிச்சுச்சு. யாரையோ வச்சு எழுதுச்சுன்னு சொல்றது பாவம் மேடம்."

"நீங்க பதறாதீங்க பாய். கொஞ்சம் எழுதிக் காட்டட்டும்."

நஸ்ரின் எழுதினாள். வசுமதி பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் கை இன்னொரு உடம்பில் ஒட்டிக்கொண்டு எழுதுவதைப் பார்க்க ஒரு கணம் பெருமையாக இருந்தது. அப்படிப் பெருமைப்பட்டதற்காக உடனே வெட்கப்பட்டாள்.

"எப்பலேர்ந்தும்மா இப்படி எழுதுற?"

"பத்தாவதுல எல்லாம் என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் மேடம். தொட்டிப்பூதம் தெரியுமா உங்களுக்கு?"

"கேள்விப்பட்டிருக்கேன்" என்று கூசாமல் சொன்னாள் வசுமதி.

"அதுல மூடி அக்கான்னு ஒருத்தங்க இருக்காங்க. படிக்க உக்காரும்போது கை நடுங்கினா அவங்க தடத்தைப் போடுவேன். மனசு அடங்கிரும். மொதல்ல பூதம் மட்டும் அவங்க மாதிரி வந்துச்சு. அப்புறம் பூதத்தோட வசனம். ஒருநாள் பாத்தா கெமிஸ்ட்ரி நோட்டு பூரா அவங்க எழுத்து! கையுறையைக் கழட்டின பின்னாடியும் கை அப்படியேதான் போகுது. இதைச் சொன்னா வாரியத்துல சிரிக்கிறாங்க மேடம்."

"நீ வரைஞ்சதைக் காட்டேன்."

நஸ்ரின் தயங்கித் தயங்கி ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வந்தாள். உள்ளே எல்லாம் கிழித்த தாள். பாதி பூதம், கால் பூதம், ஒரு மூக்கு மட்டும்.

"என்னம்மா இது?"

"கசிஞ்சது மேடம். எல்லாருக்கும் கசியும்னு குழுவுல சொல்லுவாங்க. ஆனா மூடி அக்காவுக்கு ஒரு தடவகூட கசிஞ்சதில்லயே? அவங்க கையே எனக்குள்ள இருந்தும் எனக்குக் கசியுதுன்னா கோளாறு என்கிட்டதானே? அதனால இப்பல்லாம் நான் குழுவுல எதையும் போடறதில்ல. பாக்கறதோட சரி."

வசுமதி பெட்டிக்குள் கைவிட்டாள். கிழிந்த மூக்கு ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அவள் ஜென்மத்தில் வரையாத மூக்கு அது. சப்பையாக, ஒரு பக்கம் சாய்ந்து, அவ்வளவு குறும்பாக இருந்தது. இதையா கிழித்தாய் என்று கத்தவேண்டும்போல் வந்தது. எழுத்து மாதிரியை உறையில் போட்டுக்கொண்டு திருச்சி பேருந்தைப் பிடித்தாள். வழியெல்லாம் மனசு அறுத்துக்கொண்டே வந்தது.

மறுநாள் பன்னிரண்டு தாளையும் மறுபடி மேசையில் பரப்பினாள். எழுத்து ஒன்றுதான். சாய்வு, அழுத்தம், இடைவெளி எல்லாமே அவளுடையவை. பன்னிரண்டு பிள்ளைகள் எழுதியதற்கு இதில் சாட்சியே இல்லையா என்று தேடித் தேடி அலுத்துப்போய், மதியச் சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்திருந்தபோதுதான், எழுதியதைப் பார்ப்பதை விட்டுவிட்டு அடித்ததைப் பார்த்தாள்.

நஸ்ரின் தப்பான சொல்லை ஒரே கோட்டில் அடித்து, கோட்டின் முடிவில் ஒரு புள்ளி வைத்திருந்தாள். கரூர்ப் பையன் அடித்த இடம் புதர் மண்டிக் கிடந்தது. அறந்தாங்கிப் பெண் தவறான சொல்லைச் சுற்றிப் பவ்யமாகக் கட்டம் கட்டியிருந்தாள். கும்பகோணத்துப் பிள்ளை ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகப் பிடித்து வைத்து அடித்திருந்தான், அவை செய்த குற்றத்தை அவன் மன்னிக்கவே இல்லை. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு விதம். ஒன்றுகூட அவளுடையது அல்ல! இயந்திரம் அடித்த இடங்களைக் குப்பை என்று ஒதுக்கிவிட்டுத்தான் ஒப்பிடும், அதனால் அதற்கு இது தெரியவில்லை. வசுமதி சந்தோஷத்தில் எழுந்து நின்று தானாகக் கைதட்டினாள். அடுத்த மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

உட்கார்ந்ததும் சந்தோஷம் வடிந்தது. மணிமொழியன் முதல் கேள்வியாக என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். எல்லாமே தொற்றிக்கொண்டபோது அடித்தல் மட்டும் ஏன் தொற்றவில்லை என்பார். அதற்கு ஒரே பதில்தான் உண்டு. அதைச் சொன்னால் பிள்ளைகள் பிழைப்பார்கள், மூடி பிழைக்கமாட்டாள். ஞாயிறு நாலு மணி இனிமேல் வெறும் நாலு மணிதான். அன்று மாலை வீட்டுக்குப் போனவள், தன் பூதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கொஞ்சம் அழுதாள். பிறகு முகம் கழுவிவிட்டு அறிக்கையை எழுத உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் பன்னிரண்டு பிள்ளைகளும் பெற்றவர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் உறுப்பினராக இருந்த மொட்டைமாடிக் கூட்டத்தின் நிர்வாகி லூர்துராஜ் திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்தார். பல் மருத்துவர். தடம் என்றால் என்ன என்று விளக்க வசுமதியே அவரை வரவழைத்திருந்தாள். அவர் மணிமொழியனின் கையில் கையுறையை மாட்டித் தடத்தைப் போட, இணை இயக்குநரின் கை அவருடைய அனுமதி இல்லாமலே ஒரு குண்டுப் பூதத்தை வரைந்து முடித்தது. அவர் அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார்.

"சரி, கை தொத்திக்கும். ஒத்துக்கறேன். ஆனா பிள்ளைங்கதான் எழுதினாங்கங்கறதுக்கு என்ன அத்தாட்சி?"

வசுமதி அடித்த இடங்களைத் திரையில் காட்டினாள். "எழுதினது ஒரே கை மாதிரி இருக்கு சார். ஆனா அடிச்சது பன்னெண்டு கை."

"அது எப்படி மேடம்? எல்லாம் தொத்திக்கிச்சு, அடிக்கிறது மட்டும் ஏன் தொத்தல?"

கேட்டேவிட்டார். வசுமதி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்னா அவங்களுக்குக் குடுத்த தடத்துல அடிச்சதே கிடையாது சார். ஒவ்வொரு படத்துலயும் அழிச்சதையெல்லாம் வெட்டிட்டுத்தான் குடுத்தேன். ஆறு வருஷமா."

"குடுத்தேன்னா?"

"நான்தான் மூடி."

கரூர்ப் பையன்தான் முதலில் வாயைத் திறந்தான். "மூடி அக்காவா? இவங்க ஆன்ட்டியாச்சே!" என்று அவன் சொன்னதும் அவன் அம்மா அவன் தொடையில் கிள்ளினாள். யாரோ களுக்கென்று சிரிக்க, அது அப்படியே வரிசை முழுக்கப் பரவியது.

மணிமொழியன் சிரிக்கவில்லை. "நான் பிடிச்சுக் குடுங்கன்னு சொன்ன அந்த ஒத்த ஆளு..."

"நானேதான் சார். பிடிச்சுக் குடுத்துட்டேன்."

தன் சமாச்சாரத்தைத் தானே விசாரிப்பது முறையல்ல என்று அறிக்கையிலேயே எழுதியிருந்ததால், சென்னையிலிருந்து வேறொரு ஆய்வாளரைத் திரையில் கூப்பிட்டார்கள். மணிமொழியன் தன் துறையின் சுற்றறிக்கை ஒன்றை வேகமாகப் படிக்க, பன்னிரண்டு பேரும் எழுதினார்கள். அந்தச் சுற்றறிக்கையைப் பிழையில்லாமல் எழுத மனிதப் பிறவியால் ஆகாது. புதர், கட்டம், ஒற்றைக்கோடு எல்லாம் தாராளமாக விழுந்தன. சென்னைக்காரர் அரை மணி நேரம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அவரவர் தாள் அவரவர் எழுதியதே என்று சொன்னார். நஸ்ரினின் அத்தா எழுந்து நின்று, யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல், சுற்றியிருந்த எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார்.

கேன்டீனில் லூர்துராஜ் வசுமதிக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகளும் பஜ்ஜித் தட்டோடு சூழ்ந்துகொண்டார்கள்.

"மேடம், எனக்கு உங்க பூதம்னா உசிரு. கிளினிக்ல மாட்டி வச்சிருக்கேன். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே? வெட்டினவங்களை எடுத்துடணும். இல்லன்னா வெட்டாத தடத்தை மொத்தமா வெளியிடணும். வெட்டினதெல்லாம் வச்சிருக்கீங்களா?"

"ஒண்ணு விடாம வச்சிருக்கேன்" என்றாள் வசுமதி. முகம் மலர்ந்துவிட்டது. வெட்கத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் போட்டுவிட்டால் தீர்ந்தது. போனை எடுத்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"இல்ல டாக்டர், முடியாது. நான் அழிக்கிற விதமும் நாலாயிரம் கைக்குப் போயிட்டா, அடுத்த வருஷம் பிள்ளைங்க அடிக்கிறதும் என்னை மாதிரியே இருக்கும். இன்னிக்கு இவங்களைக் காப்பாத்தினது அது ஒண்ணுதான். அதையும் நான் எடுத்துக்க மாட்டேன். என்னை எடுத்துடுங்க."

லூர்துராஜ் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தார். அவருக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

"டாக்டர் அங்கிள்" என்றாள் நஸ்ரின். "தடம் ஒரு பக்கமாத்தான் போகணும்னு விதியில இருக்கா? இத்தன நாள் இவங்க கையை நாங்க போட்டோம்ல? இனிமே எங்க கையை இவங்க போடட்டும். வாரத்துக்கு ஒருத்தரு. கசிவோட."

"அதான் சரி!" என்று கரூர்ப் பையன் குதித்தான். "மொதல்ல என்னோடது!"

லூர்துராஜ் யோசித்தார். பஜ்ஜியை எடுத்துக் கடித்தார். "இது தண்டனையா, விருந்தான்னு எனக்குப் புரியல. ஆனா இவங்க தன் தடத்தைப் பகிராத வரைக்கும் விதியில இடம் இருக்கு" என்றார். அவர் கையோடு கையாக இன்னொரு வழக்கத்தையும் சேர்த்துவிட்டார். இனி யாரும் ஒருவர் தடத்தையே தொடர்ந்து போடக்கூடாது, இந்த வாரம் ஒருவர் என்றால் அடுத்த வாரம் வேறொருவர்.

பன்னிரண்டு ஞாயிறு அப்படிப் போயிற்று. வீட்டில் "ரிப்போர்ட்" என்ற பொய்யை வசுமதி விட்டுவிட்டாள், கதவையும் சாத்தவில்லை. கரூர்ப் பையனின் கை அவள் கைக்குள் வந்து கண்மண் தெரியாமல் ஓடியது. பூதம் தொட்டிக்கு வெளியே போய், தாளுக்கும் வெளியே போய், மேசையில் கொஞ்சம் ஏறியது. அவள் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. அறந்தாங்கிப் பெண்ணின் கை ஒவ்வொரு கோட்டுக்கும் அனுமதி கேட்டுக்கொண்டு போனது. கடைசி ஞாயிறு நஸ்ரினுடையது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவள் குழுவில் போட்ட முதல் தடம், பதினேழு கசிவு! சப்பை மூக்கு வந்ததும் வசுமதியின் விரல்களே அதைக் கொஞ்சின. நாலாயிரம் பேரும் அந்த மூக்கைக் கொண்டாடித் தீர்த்துவிட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலை, பரிசோதனைக் கூடத்து வாசலில் இருந்த வருகைப் பலகையில் வசுமதி கையெழுத்துப் போட்டாள். பலகை சிவப்பாக எரிந்தது. மறுபடி போட்டாள். மறுபடி சிவப்பு. அலுவலகக் கண்காணிப்பாளர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னங்க மேடம் இது? கையெழுத்து பொருந்தலைங்குதே. கையெழுத்து நிபுணர் கையெழுத்தே பொருந்தலைன்னா ஊரு சிரிக்குமே! யாரு போட்டது இது?"

வசுமதி குனிந்து பார்த்தாள். 'வ' ஓட்டமாக ஓடியிருந்தது, அது கரூர். 'சு' பணிந்து நின்றது, அது அறந்தாங்கி. 'ம' எங்கிருந்து வந்தது என்றும் அவளால் சொல்ல முடிந்தது. இருபத்திரண்டு வருட அனுபவம் சும்மா போகுமா?

"பன்னெண்டு பேரு சேந்து போட்டது சார்" என்றாள்.

கண்காணிப்பாளர் தலையில் அடித்துக்கொண்டு, மாதிரிக் கையெழுத்து மாற்றும் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். வசுமதி நின்றபடியே அதை நிரப்பினாள். இரண்டாவது வரியில் பிறந்த தேதிக்குப் பதிலாகச் சேர்ந்த தேதியை எழுதிவிட்டாள்.

"பரவால்ல மேடம், வேற படிவம் தர்றேன்."

"வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு, அதை அடித்து, பக்கத்தில் சரியான தேதியை எழுதிக் கொடுத்தாள்.